கடலுக்கு ஒரு விகுதி

வண்டி அரியாங்குப்பம் பாலத்தில் ஏறும்போதே பின் இருக்கையில் சரிதா முணுமுணுக்கத் தொடங்கிவிடுவாள். ஒரே சொல்லை விதவிதமாக முடித்துப் பார்ப்பாள். பிடித்த மாதிரி அமைந்துவிட்டால் கோபிநாத்தின் முதுகில் விரலால் ஒரு தட்டு. கல்யாணமான புதிதில் அதைத் தனக்கான கொஞ்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

மிஷன் வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் மூக்குத்தண்டைப் பார்த்தே பிரேம் எடுத்து வைப்பாள். மற்ற நேரமெல்லாம், ஆங்கில மாயக்கதைகளில் வரும் கூர்ங்காதுத் தேவதைகளான எல்ஃப்களின் பேச்சை ஒட்டித் தானே ஒரு மொழியைக் கட்டிக்கொண்டிருந்தாள். புளி கரைக்கும்போதும் வாய் அசையும். ரசத்தில் உப்பு இரண்டு முறை விழும். கேட்டால், "ஏதோ ஞாபகத்துல போட்டுட்டேங்க" என்பாள்.

உப்பைப் பொறுத்துக்கொண்டான். வினோத்குமாரைத்தான் பொறுக்க முடியவில்லை. கனகசெட்டிக்குளத்துக்காரன், இணையத்தில் அறிமுகமானவன், அந்த மொழியில் அவளோடு பேசத் தெரிந்த ஒரே ஆள். பெயர்ச்சொல்லைப் பெயரடையாக்க எந்த விகுதியைச் சேர்ப்பது என்று இருவருக்கும் ஒரு வாரமாகப் போனில் வழக்கு. நடுவில் அவள் சிரிப்பாள். எதற்கென்று விளங்காமல், சொந்த வீட்டிலேயே விருந்தாளி போல நிற்பான் கோபிநாத்.

ஞாயிற்றுக்கிழமை சங்கரா மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தவனிடம் வந்தாள்.

"ஏங்க, நம்ம பாஷையில 'இலோ'ன்னா கடலு. கடல் மாதிரியானதுன்னு சொல்லணும். 'இலோன்', 'இலுயே'. ரெண்டுல எது நல்லாருக்கு?"

"உன்னுது எது?"

"சொன்னா நீங்க அதத்தான் சொல்லுவீங்க."

வினோத்குமாரைக் கவிழ்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆனால் அவளுடையது எது என்று அவள் முகத்தில் துப்பு எதுவும் கிடைக்கவில்லை. இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான்.

"இலோன், பேங்க்ல லோன் கேக்கற மாதிரி இருக்கு. இலுயே, அலை வந்துட்டுத் திரும்பிப் போற மாதிரி. இதான்."

சரிதாவின் முகம் சுருங்கியது. "அது வினோத்குமாரோடது. உங்க வீட்டுக்காரரையே கேளுங்கன்னு அவருதான் சொன்னாரு" என்றாள்.

கோபிநாத்துக்கு நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"மாசக்கணக்கா நான் மண்டைய உடைச்சிக்கிறேன். அவருக்குப் பஸ்ல போவும்போது தோணுச்சாம். வயித்தெரிச்சலா இருக்குங்க."

அந்த எரிச்சல் அவனுக்குப் பழக்கமானதுதான். அதை அவள் வாயால் கேட்டதில் ஏனோ மனம் லேசானது.

போனில் தன் விகுதியை அழித்து, மற்றதை எழுதி அனுப்பினாள் சரிதா. போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அவன் கையிலிருந்த கத்தியை வாங்கி, மீன் தலையை ஒரே போடாகப் போட்டாள்.