மகளின் தலை ரயிலில் கைமாறிய நாள்

கொட்டகலையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் நான் செய்த முதல் வேலை, கவரிலிருந்து மகளுடைய தலையை வெளியே எடுத்தது. சீ.டி. ஸ்கேன் படம். ஒரே பிலிமில் சின்னச் சின்னப் படங்களாக, அவள் முகத்தை வாழைக்காய் மாதிரி சீவி அடுக்கியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் எக்ஸ்ரே கவரோடு ஒருவர் ஏறினால், நாலு பேர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அபிப்பிராயம் சொல்லாமல் பயணம் முடியாது. நான் அவர்கள் கேட்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

அவளுக்குப் பதினேழு வயது. சின்ன வயதிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். பிறவியிலேயே வருவது. உடம்பில் ஊறும் சளி பசை மாதிரி கெட்டியாகி, நெஞ்சிலும், மூக்கைச் சுற்றி எலும்புக்குள் இருக்கிற காற்றறைகளிலும் அடைத்துக்கொள்ளும். அந்த அறைகளைத்தான் படம் பிடித்திருந்தார்கள். மூக்கில் ஒப்பரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று கண்டியில் கிளினிக்கில் அன்றைக்கு முடிவு சொல்வார்கள்.

"பாத்துக்குங்க, எங்க குடும்பத்துல மொதத் தடவையா மூளைக்கு ஆதாரம் கெடைச்சிருக்கு," என்றேன். பெட்டி சிரித்தது. தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவில் மைக் பிடிக்கிறவன் நான். சிரிப்பு கேட்டால் நிறுத்தத் தெரியாது. எதிரே இருந்த முஸ்லிம் கடைக்கார நானா படத்தை வாங்கி, கருப்பு நல்லதா வெள்ளை நல்லதா என்று விசாரித்தார். கொழுந்து பறிக்கிற அக்கா ஒருவர் ஆவி பிடிக்கச் சொன்னார். அதற்குள் சிங்கமலைச் சுரங்கம் வந்துவிட்டது. "தலையைக் காணோம், யாரும் மிதிச்சிராதீங்க," என்று இருட்டுக்குள் குரல் கொடுத்தேன். அதற்கும் சிரிப்பு.

வெளிச்சம் திரும்பியபோது படம் மூன்று இருக்கை தள்ளிப் போயிருந்தது. பக்கத்தில் இருந்த மகள் சால்வையை இழுத்து முகத்தை மூடியிருந்தாள். குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. றொசல்ல ஸ்டேஷன் தாண்டித்தான் படம் திரும்பி வந்தது, மூலையில் யாருடைய வடை எண்ணெயோ ஒட்டியபடி.

கண்டி கிளினிக்கில் டொக்டர் ஒரு சிங்கள அம்மா. படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். காற்று இருக்கிற இடம் கருப்பாகத் தெரிய வேண்டுமாம். எல்லாம் சாம்பலாக இருந்தது. நெற்றிக்குள் இருக்க வேண்டிய அறை அவளுக்கு உருவாகவே இல்லை என்றார். எங்கள் லயத்து வீட்டிலும் ஒரு காம்பரா குறைச்சல்தான் என்று சிங்களத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்த வியாதிக்காரர்கள் பெரும்பாலும் எல்லாருக்குமே படம் இப்படித்தான் இருக்கும், ஒப்பரேஷன் செய்யும்போது வழி பார்க்க இது உதவும், ஆனால் படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டேன், பிள்ளைக்கு எப்படி இருக்கிறது, அதைச் சொல்லுங்கள் என்றார். வலி இருக்கிறதா? வாசம் தெரிகிறதா?

மொழிபெயர்க்க வேண்டியவன் நான். மகளிடம் கேட்கவே இல்லை. நானே பதில் சொன்னேன். வலி அப்படி ஒன்றும் இல்லை டொக்டர், வாசம் தெரியாததால் அவள் அம்மா சமையலிலிருந்து தப்பித்துக்கொண்டிருக்கிறாள் என்றேன்.

மகள் நாற்காலியை டொக்டர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் படித்த உடைந்த சிங்களத்தில், சொல் சொல்லாகத் தேடி, அவளே சொன்னாள். வாசம் தெரியாமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காலையில் கண்ணுக்குப் பின்னால் இடிக்கிற மாதிரி வலிக்கிறது. படுத்தால் மூச்சு அடைக்கிறது, அதனால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் நான் படுக்கிறேன். போன் பார்க்கிறாள் என்று நினைத்து, ராத்திரி வாட்ச்சர் வேலையில் சேர்ந்துவிட்டாயா என்று கேலி பண்ணியிருக்கிறேன்.

டொக்டர் ஒப்பரேஷனுக்கு எழுதினார்.

வெளியே நடையில் வந்ததும், "ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னேன்ப்பா," என்றாள். "அதத்தான் நீங்க திருவிழாவுல மைக்ல சொன்னீங்க."

ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் ஒரு மூக்கு ஸ்ட்ரைக் பண்ணுகிறது, சம்பளம் கூட்டினால்தான் வேலை செய்யுமாம் என்று அன்றைக்கு மைக்கில் சொன்னேன். தோட்டமே சிரித்தது. அவள் தோழிகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜோக் நன்றாக எடுபட்டதால் இரண்டாவது நாளும் சொன்னேன்.

திரும்பி வரும் ரயிலில் எதிரே இருந்த அம்மா, "எக்ஸ்ரேயாங்க?" என்று வழக்கம்போலக் கையை நீட்டினார். கவர் மகளின் மடியில் இருந்தது. நான் அவளைப் பார்த்தேன்.

"என்னோடதுங்க," என்று சொல்லி அவள் கவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அந்த அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

நாவலப்பிட்டியில் இறால் வடைக்காரர் ஏறினார். பெட்டி முழுக்க வாசம். எனக்கு. இரண்டு வாங்கி ஒன்றை அவளிடம் கொடுத்தபோது நாக்கு நுனிக்கு ஒன்று வந்தது, நல்ல ஜோக்தான். வடையை முழுசாக வாயில் போட்டு அடைத்தேன்.

"என்னமோ சொல்ல வந்தீங்க," என்றாள்.

தலையை ஆட்டினேன்.

"வந்தீங்கப்பா. மூஞ்சியிலயே தெரியுது."

வடை கொதித்தது. கண்ணில் தண்ணீர் வர அப்படியே முழுங்கினேன்.