தாயாரம்மாளுக்கு எதுக்கு ரூம்

மணிமங்கலத்தில் தாயாரம்மாளைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒன்று தெரியும். அவளிடம் எதையும் ஒரு தரம் கேட்டு நிறுத்தக் கூடாது. 'காபி சாப்பிடறியாம்மா' என்றால், 'ஐயோ வேணாம், இப்பத்தான் குடிச்சிட்டு வரேன்' என்பாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட்டிருக்காது. 'அட, குடிம்மா' என்று மறுபடி சொல்ல வேண்டும். அப்புறம் டம்ளரைக் கையிலேயே திணித்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடிப்பாள். இதில் என்ன அதிசயம்? நம் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். கேட்டவுடனே கையை நீட்டினால் 'பறக்காவெட்டி' என்று சொல்லிவிடுவார்களே என்ற கூச்சம்.

அந்தக் கூச்சம்தான் அவள் கல்யாணத்தையும் தின்றது. அம்மா அப்பா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, வல்லக்கோட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல இடம். 'இப்ப வேணாம் பெரிப்பா, தம்பி சின்னவன்' என்றாள். வேறு எப்படிச் சொல்லுவாள் ஒரு வயசுப் பெண்? 'பொண்ணே வேணாங்குது' என்று பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னொரு தரம் கேட்க அந்த மனுஷனுக்கு வாய் வலித்தது போலிருக்கிறது. அப்புறம் அவளை யாரும் கேட்கவில்லை.

தம்பி ரகுபதி மட்டும் அப்படியில்லை. வீட்டில் ஒரே ஒரு முட்டை வெந்தால், 'நீ துண்ணுக்கா' என்பான். 'எனக்கு வேணாண்டா, நாத்தம்' என்பாள். 'பொய் சொல்றே' என்று பாதியைப் பிய்த்து அவள் வாயில் அடைத்துவிட்டுத்தான் தன் பாதியைத் தொடுவான். அக்கா வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வயசிலேயே அவனுக்கு அத்துப்படி. அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் அவள் நாற்று நட்டாள், களை பறித்தாள், மறைமலை நகரில் கம்பெனிகள் வந்ததும் ஒரு கேன்டீனில் காய் நறுக்கும் வேலையில் சேர்ந்தாள். அவனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தாள். அவன் ஃபிட்டர் ஆனான், பர்மனென்ட் ஆனான், அங்கேயே ஒரு கம்பெனியில் வேலை பார்த்த ஜோதியைக் கட்டிக்கொண்டான்.

கல்யாணம் ஆனதும், ஒற்றை அறை வீட்டின் நடுவே ஒரு புடவையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி. இந்தப் பக்கம், அடுப்புக்குப் பக்கத்தில், தாயாரம்மாள். திரும்பிப் படுத்தால் வளையல் சத்தம் கேட்டுவிடுமோ என்று வளையலையே கழற்றி வைத்தாள். முதல் ஷிப்ட் டிபனுக்குக் காய் நறுக்க வேண்டுமென்றால் இருட்டிலேயே எழுந்திருக்க வேண்டும். புடவை மாற்றப் பக்கத்து வீட்டுக்குப் போவாள். குளிக்கிற தட்டிக்குக்கூடத் தாழ்ப்பாள் கிடையாது, கயிறுதான். நாற்பது வயசு தாண்டியும் ஒரு கதவை உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் தூங்கியதில்லை. அவள் ஆசைப்பட்டது அந்தத் தாழ்ப்பாளுக்குத்தான். நகையைக் கேட்டாளா, நட்டைக் கேட்டாளா?

அதனால்தான், 'அப்பா வூட்ட வித்துட்டு மறைமலை நகர்லயே ஒரு வூடு வாங்கிடலாம்க்கா, மூணு பேரும் டூட்டிக்கு நடந்தே போயிடலாம்' என்று ரகுபதி சொன்னபோது, அவள் மறுபேச்சுப் பேசாமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அது அப்பா விட்டுப்போன வீடு. அவளுக்கென்று உலகத்தில் இருந்த ஒரே இடம்.

ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து, பஸ்ஸெல்லாம் நின்று, ஊர் அடங்கிக் கிடந்து, பிறகு ஒருவழியாக நிமிர்ந்த சமயம். தணிகாசலம் மேஸ்திரி கட்டி முடித்திருந்த இரண்டு வீடுகளைப் பார்க்க மூன்று பேரும் போனார்கள். பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்று சிங்கிள் பெட்ரூம். ஹால் பெரிசு, சோபா போட்டு நாலு சிநேகிதர்களை உட்கார வைத்து டிவி பார்க்கலாம். இன்னொன்று டபுள் பெட்ரூம். அதில் ஹால் சின்னது. ஆனால் பின்பக்கம் ஒரு அறை, கிழக்கே பார்த்த ஜன்னல், புதுக் கதவு, பளபளவென்று தாழ்ப்பாள்.

ஜோதி மாசமாக இருந்ததால் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். தாயாரம்மாள் மட்டும் அந்தப் பின்னறைக்குள் போனாள். டிரங்குப் பெட்டியை இந்தச் சுவரோரம் வைக்கலாம், பாயை இப்படிப் போடலாம் என்று மனசுக்குள் குடித்தனமே நடத்திவிட்டாள். யாரும் பார்க்காதபோது தாழ்ப்பாளை ஒரு தரம் போட்டு எடுத்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ரகுபதி மேஸ்திரியோடு கதவருகே வந்து நின்றான். "இன்னாக்கா, ஒனக்குத் தனி ரூம் வேணுமா? வேணும்னா சொல்லு, இதையே வாங்கிடலாம்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. முன்பின் தெரியாத மேஸ்திரி எதிரில், எனக்கு ரூம் வேண்டும் என்று எப்படிச் சொல்லுவாள்? "எனக்கு எதுக்குடா ரூமு? ஒண்டிக்கட்டை. ஒரு மூலையில பாயப் போட்டா படுத்துக்க மாட்டனா?" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'அட, சும்மா இருக்கா' என்று இப்போது சொல்லுவான். முட்டையை வாயில் அடைத்த பிள்ளையாயிற்றே.

"அக்காவே சொல்லிடுச்சு, அப்பால இன்னா மேஸ்திரி? சிங்கிளையே முடிச்சிடலாம்" என்றான் ரகுபதி. வெளியே போய் ஸ்கூட்டரையும் கிளப்பிவிட்டான்.

அன்றைக்குக்கூட அவள் தம்பியைத் தப்பாக நினைக்கவில்லை. எனக்குத்தான் வாய் சரியில்லை, அவன் என்ன செய்வான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆவணியில் பால் காய்ச்சினார்கள். காய்ச்சிய பாலைத் தாயாரம்மாள்தான் எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். அவளுடைய டிரங்குப் பெட்டி ஹாலில் டிவிக்குக் கீழே போயிருந்தது.

"ஒங்க தம்பி கில்லாடிம்மா" என்றார் தணிகாசலம் மேஸ்திரி, பாலை உறிஞ்சிக்கொண்டே. பாவம், புகழ்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். "அந்தக் குண்டு வெடிக்கறதுக்கு முன்னாடியே வந்து சிங்கிளுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டாரு. நான்தான், வூட்ல அக்கா கீறாங்களே, ஒரு வார்த்தை கேக்க வாணாமான்னேன். கேக்கறேன் மேஸ்திரி, கேட்டா வேணாம்னுதான் சொல்லும், எனக்குத் தெரியாதா எங்கக்காவன்னாரு. அதே மாதிரி நீங்களும் சொன்னீங்களே!"

தாயாரம்மாளுக்கு அப்போதுதான் விளங்கியது. அப்படியானால் அன்றைக்கு அவன் கேட்டது வெறும் நாடகம். வீட்டை முடித்துவிட்டு, அவள் வாயாலேயே வேண்டாம் என்று சொல்ல வைக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். மறந்துபோய், தெரியாமல் என்றால்கூட மன்னித்துவிடலாம். தெரிந்தே செய்திருக்கிறானே, அடப்பாவி! அவள் வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று ஊரில் வேறு எவனைவிடவும் அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். அதை வைத்தே கழுத்தை அறுத்துவிட்டான்.

சொம்பைக் கீழே வைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, கூடியிருந்த அத்தனை பேர் எதிரிலும் வாய்விட்டுக் கேட்டாள். "டேய் ரகு, எனக்கு ஒரு ரூம் வேணும்டா."

ரகுபதி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "இன்னாக்கா இது, நல்ல நாளும் அதுவுமா? நீதானே வேணாம்னே? மேஸ்திரியே சாட்சி. கேளு."

ஜோதிதான் பதறினாள். "இன்னாங்க, ஹால்லதான் காத்து வருது, அதான் எனக்கு வசதின்னு அண்ணி சொன்னாங்கன்னீங்க? நான் டபுள்தானே கேட்டேன்!" அந்தப் பெண்ணைக் குறை சொல்ல யாராவது வாயைத் திறந்தால் நாக்கு அழுகிப்போகும். வெளியிலிருந்து வந்தவள் நினைத்துப் பார்த்தாள். கூடப் பிறந்தவன் நினைக்கவில்லை.

தாயாரம்மாள் அங்கே அழவில்லை, சண்டை போடவில்லை. அந்த வாரமே சிங்கப்பெருமாள் கோயில் பக்கம், ஒரு லைன் வீட்டில் ஒற்றை அறையை வாடகைக்குப் பிடித்தாள். மழை பெய்தால் ஒரு மூலை ஒழுகும். கேன்டீனுக்கு மறுபடி பஸ்தான். இருந்தாலும் கதவு இருந்தது. ஆனால் ஆசைப்பட்ட தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. முட்டையை வாயில் திணித்த அந்தச் சின்னக் கையை நினைத்துத்தான் குமுறிக் குமுறி அழுதாள். வல்லக்கோட்டைக்காரன் போனதற்குக்கூட அப்படி அழுததில்லை.

கார்த்திகையில் ஜோதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயாரம்மாள் போய்ப் பார்த்தாள், குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு போட்டாள், தம்பி முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தாள். குழந்தை தலை நிற்கிற சமயத்தில் ரகுபதியே அவளைத் தேடி லைன் வீட்டுக்கு வந்தான்.

"வூட்டுக்கு வந்துடுக்கா. ஜோதிக்கு லீவு முடியுது, டூட்டிக்குப் போவணும். கொழந்தைய ஆர் பாத்துக்கறது? ஹால்ல ஒனக்குக் கட்டிலே வாங்கிப் போட்டுடறேன்."

"வேணாண்டா" என்றாள்.

"அட, சும்மா வாக்கா."

"வேணாம்."

"நீ இப்டித்தான் சொல்லுவே, எனக்குத் தெரியாதா? ஒன் வாய்தான் வேணாம்னும்" என்று உரிமையோடு சிரித்துக்கொண்டே எழுந்தான். அவளைக் கேட்காமலே டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். "கெளம்புக்கா, கெளம்பு."

தாயாரம்மாள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

"ஒனக்குத் தெரிஞ்சுதாண்டா கீது, என்னை எத்தினி தரம் கேக்கணும்னு" என்றாள். "பெட்டிய எறக்கி வை."

ரகுபதியின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. பெட்டியை இறக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தான். செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தான்.