ஏழாவது தவறு

அவரைப் பென்சில் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஒல்லியான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம், நல்ல தடிமன். எந்நேரமும் காதுக்குப் பின்னால் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதனால் வந்த பெயர். கல்யாணப் புகைப்படத்தில்கூட மாப்பிள்ளையின் காதோரம் அது எட்டிப் பார்க்கிறது.

பிள்ளைகளின் பயிற்சிப் புத்தகங்களுக்குப் படம் வரைவது அவர் தொழில். சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலைதான் அலுவலகம். கை தேர்ந்த கை, ஆனால் ஒரு பெரிய குறை உண்டு. கண்ணால் பார்க்காததை அவருக்கு வரைய வராது. ஒருமுறை ஒட்டகம் கேட்டார்கள். மிருகக்காட்சிசாலைக்குப் போய் ஒட்டகத்தின் எதிரே மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த ஒட்டகம் பொறுமை இழந்து, எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. புத்தகத்தில் அதன் முதுகுதான் வந்தது. நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள், மீதிப் பாதி சத்தியம்.

ஒட்டகம் தேவைப்படாத நாட்களில் வீட்டு மனிதர்களே போதும். தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் அவர் மனைவி, புத்தகங்களில் நர்ஸாக, போலீஸாக, விமானியாக, ஒரு தடவை மந்திரியாகவும் இருந்திருக்கிறாள். ஒன்பது வயதுப் பெரிய மகள் பல் துலக்கியிருக்கிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், காய்கறிப் பாடத்துக்காகக் கன்னத்தை உப்பிக்கொண்டு தக்காளியாகவும் நின்றிருக்கிறாள். இரண்டு வயதுச் சின்னவள் ஒரு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்காத பிறவி, தூங்கும்போதுதான் அவளை வரைய முடியும். அதனால் எல்லாப் புத்தகங்களிலும் தூங்கும் குழந்தை ஒன்று தவறாமல் இருக்கும்.

“அசையாதே.” அந்த வீட்டில் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான். யாராவது தண்ணீர் குடிக்கத் தலையைத் தூக்கினால் போதும், மூலையிலிருந்து குரல் வரும். தூக்கிய டம்ளர் தூக்கியபடி நிற்கும்.

பெரியவளுக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. புதுப் புத்தகம் வந்ததும் வகுப்பில் பந்தயம் நடக்கும்: அவளும் அவள் வீட்டுச் சாமான்களும் எந்தெந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று தோழிகள் தேடுவார்கள். அவள் வீட்டு நாற்காலியையும் மூக்குடைந்த ஜாடியையும் அந்த வகுப்பே அறியும். வேறு எந்தப் பெண்ணுக்கும் தன் வீட்டு ஜாடியால் இவ்வளவு கீர்த்தி வந்ததில்லை.

அந்த வருஷம் மனைவி மூன்றாவது குழந்தையைச் சுமந்து ஏழாம் மாதத்தில் இருந்தாள். ஒரு நாள் பரிசோதனைக்குப் போனவளை டாக்டர் அப்படியே படுக்கவைத்துவிட்டார். பிரசவம் வரைக்கும் எழுந்து நடக்கக்கூடாது, வீட்டுக்கும் போகக்கூடாது என்று உத்தரவு. அதே வாரம் குளியலறைக் குழாய் வெடித்தது. குழாய் ரிப்பேர்காரர் வந்தார், கூடத்துத் தரையைக் கால்வாய் மாதிரி தோண்டினார், “இதோ ஒரு சாமான் வாங்கிட்டு வரேன்” என்று போனார். அந்தச் சாமானைப் பூமியின் எந்த மூலையில் தேடிக்கொண்டிருந்தாரோ, முப்பத்தேழு நாள் கழித்துத்தான் திரும்பினார்.

கரண்டிக்கு ஒரு அறை, சாவிக்கு ஒரு அறை என்று வீட்டையே தபால் நிலைய அலமாரி மாதிரி பிரித்து வைத்திருந்தவள் மனைவி. அவள் போன நான்காவது நாள் எந்தப் பொருளுக்கும் விலாசம் இல்லாமல் போயிற்று. பல் துலக்கும் பிரஷ் டீ கப்பில் நின்றது. ஈரத்துணி மின்விசிறிக் கம்பியில் தொங்கியது. பக்கெட்டின் கைப்பிடி உடைந்தது, பெரியவள் தன் தலையிலிருந்த வெள்ளைப் புள்ளி போட்ட சிவப்பு ரிப்பனை அவிழ்த்து அதில் கட்டினாள். வேறு ரிப்பன் எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து தலைவிரி கோலமாகவே பள்ளிக்கூடம் போனாள்.

பென்சில் தினமும் மத்தியானம் சின்னவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவார். வீடு எப்படி இருக்கிறது என்று மனைவி கேட்பாள். நன்றாக இருக்கிறது, எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது என்று வாய் கூசாமல் சொல்வார். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்வாள். அந்த நிம்மதியைப் பார்ப்பதற்கு அவருக்கு என்னவோ போல் இருக்கும், ஆனாலும் மறுநாள் அதையேதான் சொல்வார்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பதிப்பகத்திலிருந்து போன். ‘நல்ல பழக்கங்கள்’ புத்தகத்தில் நடுப்பக்கம் இன்னும் வரவில்லை, எட்டு மணிக்கு ஆள் வந்து வாங்கிக்கொள்வார், அச்சகம் காத்திருக்கிறது. ‘இந்த வீட்டில் உள்ள பத்துத் தவறுகளைக் கண்டுபிடித்து வட்டமிடு’ என்பது பக்கம். பத்துத் தவறுகளுக்கான விடைகளையும் அவரே எழுதித் தரவேண்டும்.

பென்சில் சுத்தமாக மறந்துபோயிருந்தார். வெள்ளைத் தாளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். பார்க்காத வீட்டை எப்படி வரைவது? நிமிர்ந்தார். எதிரே தயாராக இருந்தது படம்.

கூடத்தில் கால்வாய், அதில் கலங்கிய தண்ணீர், அதன் கரையில் ரிப்பன் பக்கெட். நாற்காலியில் சூடான இஸ்திரிப் பெட்டி. ரொட்டிக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு. அதற்கெல்லாம் பின்னால், அடுப்படியில், முக்காலி மேல் ஏறி நின்று பெரியவள் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை, ஒரு காலில் மட்டும் சாக்ஸ், விரிந்த தலை. இடுப்பில் சின்னவள், வழுக்கி வழுக்கிக் கீழே போக, முட்டியால் தூக்கித் தூக்கி மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். நாலு நாளாக அந்த வீட்டில் காலைச் சாப்பாடு செய்தது அவள்தான். யாரும் செய்யச் சொல்லவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அதைப் பார்த்த ஒரு தகப்பன் எழுந்து போய்க் கரண்டியை வாங்கியிருக்க வேண்டும். பென்சில் காதுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனார்.

“அசையாதே கண்ணு.”

அவள் அசையவில்லை. பழகிய பிள்ளை. ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் தங்கை, எதிரே எரியும் அடுப்பு. முட்டை முதலில் பொன்னிறமானது, பிறகு பழுப்பானது, பிறகு கருகியது. “அப்பா, தீயுது” என்று ஒரு தடவை மெதுவாகச் சொன்னாள். “ஒரு நிமிஷம்டா” என்றார். நாற்பது நிமிஷத்தில் முடித்த படம், அவர் வாழ்நாளில் வரைந்ததிலேயே சிறந்தது. ஆள் வாசலில் நின்றபோது விடைகளை மளமளவென்று எழுதினார். பெரியவள் அன்று பட்டினியாக, இரண்டாவது மணி அடித்த பிறகு பள்ளிக்கூடம் போனாள்.

சாயங்காலம் பதிப்பகத்து ஆசிரியர் போனில் சிரித்து மாய்ந்தார். “எப்படி சார் இதெல்லாம் தோணுது உங்களுக்கு? இவ்ளோ மோசமான வீட்டை நான் ஜென்மத்துல பார்த்ததில்ல.” எல்லாம் ஒரு கற்பனைதான் என்று பென்சில் அடக்கமாகச் சொன்னார்.

ஐந்து வாரம் ஓடியது. மனைவிக்குக் குழந்தை பிறந்தது, சனிக்கிழமை வீட்டுக்கு வரலாம் என்றார்கள். அதே வாரம் புதுப் புத்தகங்களின் கட்டு வந்தது. வழக்கமாகப் பெரியவள்தான் கட்டைப் பிரிப்பாள். இந்தத் தடவை பென்சில் அதை அலமாரி உச்சியில், பழைய பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்தார். ஏன் அப்படிச் செய்கிறோம் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடமும் அதே புத்தகத்தை வாங்குகிறது என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை வகுப்பில் டீச்சர் நடுப்பக்கத்தைத் திறக்கச் சொன்னார். தேடிப் பழகிய கண்கள் ஆயிற்றே, டீச்சர் வாயைத் திறக்கும் முன்னாலேயே பக்கத்தில் இருந்தவள் கண்டுபிடித்துவிட்டாள். பக்கெட்டைக் காட்டி, “ஏய், இது உன் ரிப்பன்தானே?” என்றாள். வகுப்பே எட்டிப் பார்த்தது. நாற்காலி தெரிந்தது, மூக்குடைந்த ஜாடி தெரிந்தது, கடைசியில் அடுப்படிப் பெண்ணும் தெரிந்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. விவரம் தெரியாத டீச்சர், விடைகளைப் பின்பக்கம் பார்த்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். ஏழாவது விடை: ‘பொறுப்பில்லாத சிறுமி, தலை வாராமல், குழந்தையை வைத்துக்கொண்டு அடுப்போடு விளையாடுகிறாள்.’

இது உன் வீடுதானே என்று தோழிகள் கேட்டதற்குப் பெரியவள் இல்லை என்றாள். படத்தில் இருப்பது தான் இல்லை என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வந்தாள். சாக்ஸைக் கழற்றினாள். புத்தகத்தைச் சாப்பாட்டு மேஜையில், அப்பாவின் மூலையில் விரித்து வைத்தாள். ஒன்பது வட்டங்கள் ஒழுங்காகப் போட்டிருந்தன. அடுப்படியைச் சுற்றி ஒன்றும் இல்லை. கீழே சிவப்பு மையில் ‘ஒன்று விடுபட்டுள்ளது. பெற்றோர் கையொப்பம்’ என்று டீச்சர் எழுதியிருந்தார்.

“கையெழுத்து போடணும்” என்றாள்.

பென்சில் முகத்தில் ஈயாடவில்லை. அசடு வழிய ஒரு சிரிப்பு சிரித்தார். அது சும்மா கற்பனையில் போட்டது, வீடு எல்லாம் ஒன்று போலத்தானே இருக்கும் என்று ஏதேதோ சொல்ல ஆரம்பித்தார்.

“ரிப்பனுமா?”

அவர் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

“அன்னிக்கு நான் விளையாடலைப்பா.”

“தெரியும்டா.”

“நீங்கதான் அசையாதேன்னு சொன்னீங்க. கை ரொம்ப வலிச்சுது. இவ வேற வழுக்கிட்டே இருந்தா.” தங்கையைக் காட்டினாள். சின்னவள் செருப்பை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்போ நீங்க எங்க இருந்தீங்க?”

“இங்கதான். மேஜையில.”

“அப்போ படத்துல ஏன் இல்ல?”

பென்சிலுக்கு உடம்பெல்லாம் கூசியது. தெருவில் துணியில்லாமல் நிற்பது போல இருந்ததாகப் பிற்பாடு சொன்னார். எத்தனையோ புத்தகங்களில் வீட்டில் உள்ள எல்லோரையும் வரைந்தாயிற்று, மூக்குடைந்த ஜாடியைக்கூட விட்டதில்லை. தன்னை மட்டும் ஒரு பக்கத்திலும் போட்டதில்லை. அதை ஒரு குழந்தை கேட்கும் வரைக்கும் அவர் கவனித்ததும் இல்லை.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். படத்தின் ஓரத்தில், அச்சான கோடுகளுக்கு நடுவே, மேஜையில் குனிந்திருக்கும் ஒருவரை வரையத் தொடங்கினார். அகலமான முதுகு, பின்னந்தலை.

“ஒட்டகம் மாதிரி முதுகைக் காட்டாதீங்க. மூஞ்சி தெரியணும்.”

தன் முகம் அவருக்கு நினைவில் இல்லை. பார்க்காததைத்தான் வரையாதே அவர் கை. எழுந்து போய்ச் சுவர்க் கண்ணாடியைக் கழற்றி வந்து ஜாடியில் சாய்த்து வைத்தார். உள்ளே ஒருவர் இருந்தார். ஐந்து நாள் தாடி. சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. காதோரம் பென்சில் இருந்த இடத்தில் ஒரு கறுப்புத் தடம். அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே இருப்பது கஷ்டமாக இருந்தது, ஆனால் பார்க்காமல் வராது. ஒவ்வொரு கோடாக எடுத்தார். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று தாடையைக் கொஞ்சம் சரிசெய்யப் போனபோது, தோளுக்கு மேலிருந்து குரல் வந்தது.

“இருந்த மாதிரியே போடுங்க.”

இருந்த மாதிரியே போட்டார். முடிந்ததும் அவள் சிவப்புக் கலர் பென்சிலால் அவரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஒன்பது வட்டங்களும் சின்னவை. இது பெரியது, இரண்டு சுற்று. பிறகு புத்தகத்தைத் தள்ளினாள். பென்சில் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் மதிப்பெண்ணை மாற்றவில்லை. விடைப்பக்கத்தில் இல்லாதது விடை ஆகாது என்று ஒன்பதோடு நிறுத்தினார். அது நியாயம்தான், அந்த விடைப்பக்கத்தை எழுதியவரும் நம்மவர்தானே. பென்சில் வெட்கத்தை விட்டுப் பதிப்பகத்துக்குப் போய், அடுத்த அச்சில் ஏழாவதை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். எல்லாக் குழந்தைகளும் முதலில் வட்டமிடுவதே அதைத்தான் சார், அதை எப்படி எடுப்பது என்றார் ஆசிரியர். ஆக, முன்பின் தெரியாத ஆயிரம் வீடுகளில் அவர் மகளைப் பொறுப்பில்லாதவள் என்று இன்றைக்கும் பிள்ளைகள் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எந்த வீட்டில் அந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் பென்சில் பேச்சை மாற்றிக்கொண்டு வெளியே வந்துவிடுவார்.

சனிக்கிழமை மனைவி குழந்தையோடு வந்தாள். கால்வாய் மூடியிருந்தது, சிமெண்ட் இன்னும் காயவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பெரியவள் நீட்டிய புத்தகத்தை நிதானமாகப் பார்த்தாள். விடைகளையும் படித்தாள். பென்சில் ஈரச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டே அதைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் வெச்ச இடத்துல இருக்குன்னீங்க.”

சொல்வதற்கு இருந்ததை எல்லாம்தான் அச்சடித்து விற்றாயிற்றே. பென்சில் நேராக அடுப்படிக்குப் போனார். முட்டையை உடைத்து ஊற்றினார். காலைச் சுற்றிய சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், அவள் உடனே வழுக்க ஆரம்பித்தாள்.

பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பெரியவள் அவருடைய மூலையில் உட்கார்ந்து, அவருடைய தாளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“அசையாதீங்கப்பா” என்றாள்.

முட்டை பொன்னிறமானது. பிறகு பழுப்பானது. கை வலித்தது, சின்னவள் இன்னும் ஒரு சாண் கீழே போனாள். தீய்கிறது என்று அவர் வாய் திறக்கவில்லை.