கா மிங்குக்கு மறைத்த விருந்து

கனடாவில் ஒருவரை வர வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் அவருடைய சுகத்தை விசாரிக்கிறார்கள். வந்து பதினான்கு வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. வேலை இல்லை என்று வரும் மின்னஞ்சல்கூட நாம் நலமாக இருப்போம் என்ற நம்பிக்கையோடுதான் தொடங்கும். ஆகவே போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பொலின் தொலைபேசியில் என் மனைவியை, மகளை, ஸ்ரௌவ்வில்லில் நாங்கள் வாங்கிய புதுவீட்டின் புல்லைக்கூட வரிசையாக விசாரித்தபோதே எதையோ வேண்டாம் என்று சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பொலினும் நானும் ஹொங்கொங்கில் ஒன்றாகப் படித்தவர்கள். அது ஒரு பெரிய சீனப் பல்கலைக்கழகம். அதற்குள்ளே தனக்கென்று தேவாலயமும் விடுதியும் வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் கல்லூரி எங்களுடையது. புலமைப்பரிசில் கிடைத்துப் போன யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளை நான். திருநீற்றைக் குளியலறையில் பூசி, வெளியே வருமுன் அழித்துவிடுவேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை, நானாகவே பயந்தேன். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மட்டும் எல்லோரும் போயாக வேண்டும். வாசலில் அட்டையை உரசினால்தான் வரவு. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை. என் அறைத் தோழன் கா மிங் முதல் பாட்டிலேயே தூங்கி, கடைசி ஆமெனுக்கு விழிப்பான்.

அந்தக் கா மிங் இப்போது இங்கே இருக்கிறான். ஹொங்கொங்கில் அரசை எதிர்த்துக் கைதான மாணவர்களுக்காகப் பேசியதில் அவனுடைய ஆசிரியர் வேலை போனது. அடுத்தது தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று தெரிந்ததும் விமானம் ஏறிவிட்டான். அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்துக்கொண்டு, ஒரு களஞ்சியத்தில் பெட்டி கட்டுகிறான். வோபர்னில் எங்கள் ஊர் அன்ரி ஒருவரின் வீட்டுக் கீழ்த்தளத்தை, பேஸ்மென்றை, நான்தான் அவனுக்குப் பிடித்துக் கொடுத்தேன். பழைய மாணவர்களின் வருடாந்த மதிய விருந்து யூனியன்வில்லில் ஒரு சீன உணவகத்தில் நடக்கும், உன்னையும் கூட்டிப்போகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். அவன் அதற்கென்று ஒரு சேர்ட் வாங்கிவிட்டான்.

பொலின் சொன்னது இதுதான்: "எங்களில் பலர் வருடா வருடம் ஹொங்கொங்குக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்க்கிறோம். படம் எடுப்போம், யாராவது ஃபேஸ்புக்கில் போடுவார்கள். அதில் அவன் நின்றால் எங்களுக்குப் பிரச்சினை. நீங்கள் போரிலிருந்து வந்தவர், மற்றவர்களைவிட உங்களுக்கு இது விளங்கும். அவன் மனம் நோகாமல் நீங்களே சொல்லிவிடுங்கள்."

எனக்கு விளங்குமாம். வன்னியில் கடைசிச் சண்டை நடந்த நாட்களில் அங்கே அகப்பட்டிருந்த அம்மாவிடமிருந்து மூன்று வாரமாகச் சத்தமே இல்லை. நான் கல்லூரி விடுதியில் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், தூங்க வேண்டிய கா மிங் எழுந்து நேரே மேடைக்குப் போனான். "என் அறைத் தோழனின் அம்மா உயிரோடு இருக்கிறாரா என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள்" என்றான். இலங்கை எங்கே இருக்கிறது என்றே தெரியாத மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. பொலினும் நின்றாள். பிறகு வந்து ஒரு பொதி ரிஷ்யூக் கடதாசியை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். அம்மா பிழைத்திருந்த செய்தி அதற்குப் பிறகு பல நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரைக்கும் என்னை எழுப்பி உட்காரவைத்தது அந்த ஒரு நிமிடம்தான்.

இவ்வளவும் நினைவிருந்தும் நான் பொலினுக்குச் சரி என்றேன். என் கம்பனி வருடத்தில் இரண்டு தரம் என்னைச் சீனாவுக்கு அனுப்புகிறது. விசா மறுத்தால் வேலை என்னாகும் என்ற கணக்கு என் தலைக்குள் ஓடி முடிய அரை நிமிடம்கூட எடுக்கவில்லை. மனைவி சுகந்தி சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"உந்த விருந்துக்கு அவனை வர வேண்டாமெண்டு சொல்லினமெண்டால், நீங்களும் போகாதேங்கோ. இதிலை யோசிக்க என்ன கிடக்கு?"

"உனக்கு விளங்காது."

"ஓம், எனக்கு விளங்காதுதான்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள்.

கா மிங்குக்கு உண்மையையாவது சொல்லியிருக்கலாம். இந்த வருடம் விருந்து இல்லையாம் என்று வாட்சப்பில் எழுதினேன். முதல் வரியில் அவனுடைய சுகத்தை விசாரித்திருந்தேன். அனுப்பிய பிறகுதான் அது கண்ணில் பட்டது. போர்க்காலத்தில் ஊரிலிருந்து தங்கப் போன என்னைக் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சித்தப்பா முறையானவர் வாசலிலேயே வழிமறித்து, "தம்பி, வடக்காலை வந்த ஆக்களை வைச்சிருந்தால் பொலிஸ் பதிவு கரைச்சல். இஞ்சை தங்கேலாது" என்று சொன்ன நாள் ஞாபகம் வந்தது. அவரை எத்தனை வருடம் கரித்துக் கொட்டியிருப்பேன்! அந்த மனுஷன் என்னை முகத்துக்கு நேரே பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டு, கண் கலங்கக் கேற்றடியிலேயே நின்றார். நான் தட்டச்சில் ஒரு புன்னகைப் பொம்மையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

விருந்துக்குப் போனேன். மூன்று வட்ட மேசை. பொலினின் கணவர் சபையில் மூப்பர், எழுந்து ஜெபித்தார். உணவுக்கு நன்றி, நட்புக்கு நன்றி என்று போய், "இன்று இங்கே வர முடியாமல் போனவர்களையும் நினைத்தருளும்" என்று முடித்தார். வர முடியாமல் போனவர்களாம்! எல்லோரும் ஆமென் என்றார்கள், நானும் என்றேன். இறால் கொழுக்கட்டை வாய்க்குள் சவர்க்காரம் போலக் கிடந்தது. தேத்தண்ணீரை ஊற்றித்தான் விழுங்கினேன். அவர்கள்மேல் வந்த அருவருப்பு என்மேல் வந்ததில் பாதிதான். அவர்களுக்காவது அங்கே கிழட்டுத் தாய் தகப்பன் இருக்கிறார்கள். படம் எடுக்கும்போது வழக்கம்போலக் கறுத்த முகமான என்னை நடுவில் விட்டார்கள். கல்லூரி எல்லா நாட்டாரையும் அணைத்தது என்று தெரிய வேண்டுமே. நானும் பல்லைக் காட்டினேன்.

புறப்படும்போது பொலின் மிஞ்சிய சாப்பாட்டை இரண்டு பெட்டியில் கட்டி, ஒரு பையில் போட்டு நீட்டினாள்.

"அவனுக்குக் கொடுங்கள். நாங்கள் தந்தது என்று மட்டும் சொல்ல வேண்டாம்."

அந்தப் பையை அவள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டேன். வோபர்ன் வரைக்கும் கார் முழுக்க எள்ளெண்ணெய் மணம். கண்ணாடியை இறக்கிவிட்டுக் குளிரில் ஓட்டினேன்.

பக்கக் கதவைத் தட்டினேன். திறந்த கா மிங் முதலில் என்னைப் பார்த்தான், பிறகு பையைப் பார்த்தான். அதில் அந்த யூனியன்வில் உணவகத்தின் பெயர் சிவப்பாய்ச் சீனத்தில் அச்சடித்திருந்தது. அவனுக்கு வாசிக்கத் தெரியும் என்பது எனக்கு அந்தக் கணத்தில்தான் உறைத்தது. இத்தனை படித்து என்ன பயன்!

"எத்தனை மேசை?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"மூன்று."

அவன் தலையை ஆட்டினான். ஏசுவான், கதவைச் சாத்துவான் என்று நின்றேன். சாத்தினால் நல்லது என்றுகூட நினைத்தேன். அப்போது மேலே ஜன்னல் திறந்தது. அந்தக் கதவில் சத்தம் கேட்டால் அன்ரி எட்டிப் பார்க்காமல் விட மாட்டார்.

"ஆர் அது, கதவடியிலை நிக்கிறது?"

நான் நிமிர்ந்து பதில் சொல்லுமுன் கா மிங் முந்திக்கொண்டான். இரண்டு மாதத்தில் அன்ரியிடம் பொறுக்கிய தமிழில், உச்சரிப்புப் பிசகினாலும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"எங்கட ஆள், அன்ரி."

"அப்ப சரி" என்று அன்ரி ஜன்னலைச் சாத்தினார். அவன் பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினான், கதவைச் சாத்தவில்லை. நான் வெளியிலேயே நின்றேன்.