நேர்ந்துவிட்ட முயல்

பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற குணம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதல். எஸ்.எஸ்.எல்.சி. முடித்தபின் வந்த மாப்பிள்ளைகளுக்கெல்லாம் ஏதாவது ஒரு நொட்டை சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு கண் டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் எங்கள் ஊரில், என்ன வேலை என்று கேட்டவர்களிடம் முயல் மேய்க்கிறேன் என்றேன். ஊரே சிரித்தது. நான் பொய் சொல்லவில்லை.

டாக்டர் சீமையில் படித்து வந்தவர். முன்பக்கம் ஆஸ்பத்திரி, பின்பக்கம் ஓட்டுக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் கூண்டு கூண்டாக முயல்கள். சுற்றிலும் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்ததால் முயல் நாற்றம் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. ஆரம்பத்தில் அவர் பார்த்ததெல்லாம் சாதாரண விஷயங்கள்: வெளிச்சம் பட்டால் கண்ணின் பாப்பா எவ்வளவு சுருங்குகிறது, விழிக்குள் நீர் எப்படி ஊறுகிறது, எப்படி வடிகிறது. பிறகு புற்றுநோய்ப் பக்கம் திரும்பினார். மெட்ராஸிலிருந்து ரயிலில், மூங்கில் கூடையில், கட்டியுள்ள ஒரு முயல் வந்தது. அந்தக் கட்டியிலிருந்து கடுகளவு எடுத்து, நல்ல முயல் ஒன்றின் ஒற்றைக் கண்ணுக்குள் வைப்பார். விழிக்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு மூடி இருக்கிறதல்லவா, அதற்குப் பின்னால் வைத்துவிட்டால் அது வளர்வது வெளியிலிருந்தே தெரியும். வயிற்றுக்குள் வளர்வதை யார் பார்க்க முடியும்? இது ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல. பிறகு காதின் ரத்தக்குழாயில் மருந்து ஏற்றி, கட்டி கரைகிறதா என்று தினமும் பார்ப்பார். முயலைத் துண்டில் சுற்றி, தலை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை.

பாவமாக இல்லையா என்று ஊரில் கேட்பார்கள். கேட்பவர்கள் வாரம் தவறாமல் அய்யலூர்ச் சந்தைக்கு ஆட்டுக்குட்டி ஓட்டிப் போகிறவர்கள். பாவமாகத்தான் இருந்தது. துண்டுக்குள் அதன் நெஞ்சு படபடவென்று அடிப்பது என் உள்ளங்கையில் தெரியும். ஆனாலும் பிடித்துக்கொண்டேன்.

அந்த வேலையில் ஒரு முறை உண்டு. கட்டி கரைந்தாலும் சரி, கரையாவிட்டாலும் சரி, கடைசியில் முயலைக் கொன்றாக வேண்டும். கண்ணைப் பின்நரம்போடு எடுத்து, மெல்லிய சீவலாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். "முன்னாடி தெரியறது பாதிதாம்மா. மிச்சம் பின்னாடி இருக்கும்" என்பார்.

அண்ணன் மகளுக்கு அப்போது மூன்று வயது நிரம்பவில்லை. ஒரு சனிக்கிழமை அந்தி நேரம் ஊருக்குப் போயிருந்தேன். மதினி அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றினாள். பிள்ளை திரும்பிப் பார்த்தது. இடது கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு மினுமினுப்பு.

"பாத்தியா, பூனைக்கண்ணாட்டம் மினுங்குது" என்றாள் மதினி பெருமையாக. "பக்கத்து வீட்டுக்காரி லச்சுமி கடாட்சம்ங்கிறா."

மூன்று வருஷமாக நான் பார்த்ததெல்லாம் கண்கள்தான். மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அண்ணனையும் மதினியையும் பஸ் ஏற்றினேன்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். கண்ணின் உள்சுவரில் கட்டி என்றார். கண்ணை இப்போதே எடுத்துவிட்டால் பிள்ளை பிழைக்கும், தாமதித்தால் அது நரம்பு வழியாக மூளைக்கு ஏறிவிடும் என்றார். ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்.

"பொட்டப்பிள்ளைய ஒத்தைக் கண்ணோட நான் யாரு கையில பிடிச்சுக் குடுப்பேன்?" என்று அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான். மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு அதற்குள் கல்யாணக் கவலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அடித்திருப்பேன். ஆனால் அவன் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

மதினி வேறு மருந்து இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றார் டாக்டர். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம், கொட்டகையில் அவளே கண்ணால் பார்த்த ஒரு முயல்.

புது மருந்து ஏற்றிய முயல்களில் பாதி, மருந்தின் விஷத்திலேயே செத்துப்போயின. மிச்சத்தில் ஒன்றுக்கு மட்டும் கட்டி சுருங்கிக்கொண்டே வந்தது. கண்ணை எடுக்கச் சம்மதிக்காமல், காட்டிவிட்டுப் போக மட்டும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் மதினி நேரே அந்தக் கூண்டின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். மடியில் அகத்திக்கீரை இருக்கும். பட்டாணியளவு இருந்த கட்டி மிளகளவானது. பிறகு ஒன்றுமே இல்லை. கண் தெளிந்துவிட்டது.

"இது பொழைச்சிருச்சுல்ல சாமி. அந்த மருந்த எம் பிள்ளைக்கும் ஏத்துங்க."

"அது விஷம்மா. முதல்ல இந்த முயலோட கண்ணை எடுத்து, பின்னாடி நரம்பைப் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் எதுவும் சொல்ல முடியும்."

"பொழைச்சத எதுக்கய்யா கொல்லணும்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். கேட்டதில் ஒரு சொல்கூட உள்ளே இறங்கவில்லை என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்த முயலை அறுப்பதாக இருந்த அன்று காலையில் கூண்டு திறந்து கிடந்தது. கீரிப்பிள்ளை தூக்கிப் போயிருக்கும் என்றார் வாட்ச்மேன். கூண்டுத் தாழ்ப்பாளைத் திறக்கிற கீரியை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போனால், அண்ணன் வீட்டு முற்றத்தில் அது உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் தண்ணீர். கழுத்தில் மஞ்சள் துணியில் முடிந்த வேப்பிலை.

"ஆத்தாளுக்கு நேர்ந்து விட்டுட்டேன்" என்றாள் மதினி.

எங்கள் பக்கம் நேர்ந்துவிட்ட கிடாய் யார் வெள்ளாமையில் வாய் வைத்தாலும் ஒருவரும் கல்லெறிய மாட்டார்கள். அது சாமிக்கு உரியது. விட்டவர்களே நினைத்தாலும் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் முயலை நேர்ந்துவிட்டதாக எங்கள் சீமையிலேயே அதற்குமுன் யாரும் கேட்டதில்லை.

"கிடாய நேர்ந்து விட்டாலும் கடைசில வெட்டத்தானே செய்யுறீக?" என்று கத்தினேன். "டாக்டர் செய்யறது மட்டும் குத்தமா? குடுங்க மதினி, கொண்டுபோறேன்."

"இது வெட்டறதுக்கு விட்டதில்ல தாயி. உசுரோட இருக்கட்டும்னு விட்டது. இது இருக்கிறவரைக்கும் எம் பிள்ளை இருக்கும்."

அண்ணன் குறுக்கே வந்து நின்றான். "நேர்ந்தாச்சு. இனி ஒருத்தரும் தொடக்கூடாது. நீ பஸ்ஸுக்குக் கிளம்பு."

திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காரை எடுத்துக்கொண்டு என்னோடு புறப்பட்டார். புழுதி அடங்குமுன் ஊர் கூடிவிட்டது. முற்றத்தில் பிள்ளை காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் முயல். ஒரு கீரை அதற்கு, ஒரு கீரை தனக்கு என்று தின்று, பச்சை வாயோடு டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் குனிந்து, டார்ச் அடித்து முயலின் கண்ணைப் பார்த்தார். தெளிவாக இருந்தது. பிள்ளையின் கண்ணைப் பார்த்தார். வெள்ளை கூடியிருந்தது.

"முயல் இங்கயே இருக்கட்டும். பிள்ளையைக் குடுங்க, கண்ணை எடுத்துடலாம்" என்றார் அண்ணனிடம்.

"அதுக்குச் சரியாப்போச்சுல்லங்கய்யா. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம். ஆத்தா கைவிட மாட்டா."

டாக்டர் வெறுங்கையோடு காரில் ஏறினார். எனக்கு அடக்க முடியவில்லை. ஏன் சார் முயலை விட்டுவிட்டு வந்தீர்கள், அறுத்துக் காட்டினால்தானே இவர்களுக்குப் புத்தி வரும் என்று கேட்டேன். அத்தனை கண்களை எடுத்த மனிதர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்: "அந்தப் பிள்ளை மடியிலேருந்து எடுக்க எனக்குக் கை வரலம்மா."

அதற்குப்பின் கொஞ்ச காலம் அந்த வீடு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போதும் என்னால் தாங்க முடியாதது அதுதான். முயல் அண்ணனின் கத்தரி நாற்றைக் கடித்துத் தின்றது. ஆடு வந்தால் மண்வெட்டியைத் தூக்குகிற அண்ணன், "தின்னுட்டுப் போகுது போ" என்றான். கண்ணோய் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதைத் தொட்டுக் கும்பிட வந்தார்கள். கம்மஞ்சோற்றைப் பிசைந்து வைத்தால், வெஞ்சனம் இல்லாமல் சாப்பிடாத பிள்ளை, முயல் பக்கத்தில் இருந்தால் வெறும் சோற்றையே வழித்துத் தின்றாள். நான் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தேன். கூண்டிலிருந்த மற்ற முயல்களில் ஒன்றுக்கும் கட்டி கரையவில்லை என்று சொன்னேன். "அதுகள யாரும் நேரலையே" என்றாள் மதினி.

பிறகு ஒரு நாள் நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்தை, அத்தை! முயலு தட்டாமாலை சுத்துது!"

முற்றத்தில் முயல் தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்கப் பார்த்தது, முடியவில்லை. விழுந்து எழுந்து மறுபடியும் சுற்றியது. பிள்ளையும் கைகளை விரித்து, தட்டாமாலை தாமரைப்பூ என்று பாடிக்கொண்டு அதோடு சுற்றினாள். முயலின் கண் அப்போதும் பளிங்குபோலத் தெளிவாகவே இருந்தது.

மதினி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூளைக்கு ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னது அன்றைக்குத்தான் அவளுக்குள் இறங்கியது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. அவள் முயலை முந்தானையில் அள்ளினாள். பிள்ளையை இடுப்பில் வைத்தாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் முயலின் காதைத் தடவிக்கொண்டே வந்தாள்.

கொட்டகையில் அதை டாக்டர் முன்னால் வைத்து, "அறுத்துப் பாருங்கய்யா" என்றாள்.

துண்டை நான் எடுத்தேன். அவள் என் கையிலிருந்து வாங்கித் தானே சுற்றினாள், தானே பிடித்துக்கொண்டாள். ஊசி போட்டு, அது அடங்குகிறவரை கையை எடுக்கவில்லை. கண்ணின் பின்னால் நரம்பு விரல் மொத்தத்துக்கு வீங்கியிருந்தது. அதைப் பார்க்க மைக்ராஸ்கோப் தேவைப்படவில்லை.

"எம் பிள்ளைக்கும் இப்பிடித்தானா இருக்கும்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. உடனே எடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டான். கண்ணை எடுத்தார்கள். நரம்பின் வெட்டிய நுனியை டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, எழுந்து எனக்கு இடம் விட்டார். சாயத்தில் நீலமாகத் தெரியும் கட்டியின் அணுக்கூட்டத்தை நல்ல நரம்பிலிருந்து பிரித்துப் பார்க்க அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். கற்காமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது. நுனிவரைக்கும் அதுதான். வெட்டிய இடத்துக்குப் பின்னாலும் மிச்சம் இருந்தது.

கட்டுப் பிரித்தபின் பிள்ளை கொஞ்ச நாள் நன்றாகவே விளையாடினாள். ஒற்றைக் கண்ணால் பார்த்து என் கொண்டைப் பூவைப் பறித்தாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் என் மடியில் படுத்திருந்தவள் எழுந்து நிற்கப் பார்த்து, சரிந்து, என் சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அத்தை, நானும் தட்டாமாலை சுத்துறேன்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எங்கிருந்து எடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் பக்கம் சிறு பிள்ளைகளை எரிப்பதில்லை. தென்னந்தோப்பு ஓரமாகப் புதைத்தோம். காரியம் முடிந்த மறுநாளே நான் வேலைக்குப் போய்விட்டேன். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். முயல்களுக்குப் பசிக்குமே என்று போனேன். டாக்டர், மருந்து, ஆத்தா, அண்ணன் என்று அப்போது எனக்கு எல்லோர்மேலும் ஆத்திரம். மதினிமேல் மட்டும் எவ்வளவு முயன்றும் வரவில்லை.

அந்த மாசித் திருவிழாவுக்கு மதினி திண்டுக்கல்லுக்கு வந்தாள். மாரியம்மன் கோயில் வாசலில் வெள்ளித் தகட்டில் அடித்த கண்மலர் ஒரு ஜோடி வாங்கினாள். கண்ணுக்கு நேர்ந்துகொண்டவர்கள் போடுவது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பிள்ளையக் குடுக்காத ஆத்தாளுக்கு இன்னும் எதுக்கு மதினி கண்மலரு?"

அவள் கோபப்படவில்லை. தகடுகளை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினாள்.

"ஒன்னு நம்ம பிள்ளையோடது. இன்னொன்னு அந்த வாயில்லாச் சீவனோடது. ரெண்டும் ஒத்தக் கண்ணாத்தானே போச்சுக."

ஒன்றை என் கையில் கொடுத்தாள். எது யாருடையது என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து உண்டியலில் போட்டோம். மெல்லிய தகடு, விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.