எட்டாம் பாகத்தில் அத்தையின் குரல்

மாமா அந்த டிவிடி பெட்டியைக் கொண்டுவந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. தங்கச் சுரங்கமான மைன் மூடியபிறகு, சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைன் ஆண்கள் எல்லோரையும் போல அவரும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் இருட்டியபிறகு திரும்புகிறவர். மூன்று மாதமாக வேலை முடிந்ததும் கடைகடையாக ஏறி இறங்கி, ரயிலைத் தவறவிட்டு, அத்தையிடம் திட்டு வாங்கிக்கொண்டு அவர் தேடியது இதைத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பழைய டிவி தொடர் ஒன்று, பதிமூன்று பாகமும் சேர்த்து.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் இருக்கிற புத்தர் கோயிலில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பாடுவாளாம். அதைக் கேட்ட மெட்ராஸ் இசைக்காரர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமை தொடர் ஒன்றுக்கு ஹம்மிங் பாடக் கூப்பிட்டிருக்கிறார். தாத்தா ஒரு நாள் ஷிப்டை விட்டுவிட்டு, பங்காருபேட்டையில் ரயில் பிடித்து அழைத்துப் போய் வந்தார். எட்டாம் பாகத்தில், கதாநாயகி ஆற்றங்கரையில் படகுக்காகக் காத்திருக்கிற இடத்தில், பேச்சே இல்லாமல் ஒரு நிமிஷம் அத்தையின் குரல் மட்டும் வரும். பெயர் போடவில்லை. அதனால் என்ன, லைனில் டிவி இருந்த ஒரே வீட்டில் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு கேட்டார்கள். மறுநாளிலிருந்து எங்கள் லைனில் தூளி ஆட்டுகிற எல்லாப் பெண்களுக்கும் அதுதான் மெட்டு. மெல்லத் தாழ்ந்து, மூன்று படி ஏறி, ஏறின இடத்தில் கொஞ்சம் நின்று இறங்கும். நானும் அதைக் கேட்டுத் தூங்கினவன்தான்.

அடுத்த வருஷமே அத்தைக்குக் கழுத்தில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. பேச்சு திரும்பியது, பாட்டு திரும்பவில்லை. பேச்சும் உப்புத்தாளில் தேய்த்த மாதிரிதான் வரும். அவள் சாப்பிடக் கூப்பிட்டால் பையன்கள் நாங்கள், சுரங்கத்துக்குள் ஆள் இறக்குகிற இரும்புக் கூண்டின் கிறீச்சலை நினைத்து, ‘கேஜ் எறங்குதுடா’ என்று சொல்லிக்கொண்டு ஓடுவோம். பாலகாட்டு என்கிற வேறு லைனிலிருந்து வந்த மாமா அவளைக் கட்டிக்கொண்டது அதற்கும் பிறகு. மனைவி பாடி அவர் கேட்டதே இல்லை. லைனில் ஆளாளுக்கு ‘உம் பொண்டாட்டி பாட்ட நீ கேக்கலியேபா’ என்று பரிதாபப்பட்டுத் தள்ளியிருக்கிறார்கள். அவரும் எத்தனை நாள்தான் சிரித்துக்கொண்டே நிற்பார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு லைனே அத்தை வீட்டில் கூடிவிட்டது. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான் என்பதால் பெட்டியை என் கையில் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னார் மாமா. முன்பக்கத்தைத் தமிழில் படித்தேன். பின்பக்கம் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாக உடைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு அதையும் முழுக்கப் படித்துவிட்டேன். அப்பா பக்கத்தில் இருந்தவரைப் பெருமையாகப் பார்த்தார். அர்த்தம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

முதல் ஏழு பாகத்தைத் தாண்டி நேராக எட்டாம் பாகத்தைப் போட்டார்கள். ஆற்றங்கரை வந்தது. அத்தை புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகு வந்தது, துடுப்பு தண்ணீரில் விழுந்தது, ஆனால் துடுப்புச் சத்தமே இல்லை. அதற்குப் பதிலாக கீபோர்டு வாசிப்பு ஒன்று, அதன் மேல் ஒரு பெண்ணின் ஹம்மிங். மூக்கைக் கொஞ்சம் அமுக்கிப் பாடுகிற, இனிமையான இளம் குரல். மெட்டும் வேறு. எங்கேயும் ஏறவில்லை, எங்கேயும் நிற்கவில்லை.

எங்கள் லைன் ஜனங்கள் குழாயடியில் முறை மாறினாலே மூன்று நாள் சண்டை போடுகிறவர்கள். அவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

முதலில் பேசினவர் மாமா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னாமா பாடிகீற நீ” என்றார்.

அத்தை திரையிலிருந்து பார்வையை எடுக்காமல், “ஆமாங்க. சின்ன வயசு இல்லியா அப்போ” என்றாள்.

எதிர்வீட்டு அக்கா, அப்பவே நாங்க சொல்லல என்று ஆரம்பிக்க, எல்லோரும் ஆமாம் போட்டார்கள். நான் எழுந்தேன். அப்பாவின் கை என் தொடையைப் பிடித்து ஒரு திருகு திருகி உட்கார வைத்தது.

இப்போது நான் பெங்களூரில் வீடியோக்களுக்கு சப்டைட்டில் சேர்க்கிற ஆபீஸில் இருக்கிறேன். அன்றைக்கு நடந்தது என்ன என்று அங்கே சேர்ந்த பிறகுதான் புரிந்தது. படம் ஒருவருக்குச் சொந்தமாக இருக்கும், அதில் வருகிற இசை இன்னொருவருக்கு. டிவியில் காட்ட வாங்கின அனுமதி டிஸ்க்கில் போட்டு விற்பதற்குச் செல்லாது. மறுபடி கேட்டு வாங்க முடியாவிட்டால் பழைய இசையை உருவிவிட்டுப் புதிதாக யாரையாவது வைத்து நிரப்பிவிடுவார்கள். இசையோடு ஒட்டிக்கொண்டிருந்த துடுப்புச் சத்தமும் சேர்ந்து போய்விடும். ஒளிபரப்பில் இருந்த இசையும் இதில் உள்ள இசையும் மாறுபடலாம் என்று சட்டத்துக்காக ஒரு வரி அச்சடித்துவிட்டால் போதும். அந்த வரியைத்தான் நான் அத்தனை பேருக்கும் உரக்கப் படித்துக் காட்டியிருந்தேன்.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். அத்தை பொய் சொன்னாள். யாரோ ஒரு பெண்ணின் குரலைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டாள். பொய் சொல்லக்கூடாது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கே எழுதியிருக்கிறேன். கூட்டம் கலைந்ததும் நேராகப் பின்பக்கம் போனேன். அத்தை பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது நீ இல்லையே என்றேன்.

“இன்னாடா இப்போ?”

பொய் சொல்லக்கூடாது என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்கள் என்றேன்.

“உங்க டீச்சருக்குப் புருசன் கீறாரா?” என்று கேட்டுவிட்டு, சாம்பலை அழுத்தித் தேய்த்தாள். “மூணு மாசமா தேடினு எடுத்தாந்தாருடா. அதுல நான் இல்லன்னு எந்த வாயால சொல்றது? சொன்னா அந்த மனுசன் ஒடஞ்சி பூடுவாரு.” தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எனக்கும் ஒருக்கா கேக்கணும்போலத்தான் இருந்துச்சு” என்றாள். அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

எனக்கு அது சமாதானமாகப் படவில்லை. மாமாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு முன்பக்கம் வந்தேன். மாமா தரையில் உட்கார்ந்து, டிஸ்க்கை பனியன் நுனியால் துடைத்துக்கொண்டே, இன்னொரு கையால் மகளின் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவரே கேட்டார்.

“ஏன்டா, இந்தத் தூளிக்குப் பாடற மெட்டும் அந்தக் காலத்துல டிவில வந்த மெட்டும் ஒண்ணுதானா?”

எதிர்பார்க்கவில்லை. சொல்ல வந்தது நாக்கு நுனியில் இருந்தது. மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை, டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுதான் மாமா.”

“அப்போ சரி” என்றார். டிஸ்க்கைப் பெட்டியில் வைத்து மூடினார். நான் வாசலைத் தாண்டும்போது கூப்பிட்டு, “அத்த கேட்டா, மாமா ரொம்ப சந்தோசமா கீறாருன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத” என்றார்.

சரி மாமா என்றேன். பாவம், இவரை எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டார்கள் என்று இரக்கப்பட்டுக்கொண்டே எங்கள் வீட்டுக்குள் போனேன்.