பொங்கலுக்காகப் பாய்ந்த அமெரிக்கர்

எங்கள் மாடியில் குடியிருந்த அமெரிக்கர் கைலாசநாதர் கோயில் சிற்பங்களைப் படமெடுக்க வந்தவர். தலை பளபளக்கும் வழுக்கை. பேச்செல்லாம் முடியைப் பற்றித்தான். ஆதியில் அவர் நாட்டுக் கல்லூரிகளில் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவார்களாம்; துரத்துகிறவன் பாய்ந்து சாய்ப்பானாம். தலைக்கவசம் கிடையாது என்பதால் மண்டையைக் காக்க முடி வளர்த்தார்களாம். இதற்குப் பெயர் கால்பந்தாம்! சிரித்ததில் எனக்குக் காபி மூக்கில் ஏறியது.

அவருக்குச் சர்க்கரை நோய். தினமும் தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, "கல்லூரியில் நானும் இப்படி ஊசி போட்டுக்கொண்டுதான் கால்பந்து ஆடினேன்" என்பார். அவருடைய பத்தியத்துக்கு நானே காவலன் ஆனேன்.

ஒரு மதியம் காலைச் சாப்பாட்டை மறந்து வெயிலில் படமெடுத்துவிட்டு வந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். என் கையில் கோயில் சர்க்கரைப் பொங்கல்.

"எனக்கு உடனே இனிப்பு வேண்டும்" என்றார், சுத்தத் தமிழில்.

"உங்களுக்கு சக்கர வியாதி இருக்குது சார்! உயிரே போனாலும் தரமாட்டேன்!"

தொன்னையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் ஓடினேன். பின்னாலிருந்து பாய்ந்து என்னைச் சாய்த்தார்.

தெருவில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீட்டிக்கொண்டிருந்த நெசவாளர்கள் பதறினார்கள்: "பாவு மேல உருளாதீங்கபா!"

பொங்கல் முழுவதும் அவர் வாய்க்குள் போனது. நடுக்கம் நின்றதும், "ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் செத்துப்போவேன்" என்றார் மெதுவாக. பிறகு, "உங்களுக்கு அடிபட்டதா?"

முழங்காலில் சிராய்ப்பு. தன் ஊசிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட் பஞ்சை எடுத்துத் துடைத்தார். நான் அலறிய அலறலில் தெருவே தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, சாகக் கிடப்பது நான்தான் என்று நினைத்துக்கொண்டது.